கிழிக்காமல் விட்ட கார்பன்

1991இல் எங்கள் விடுதிக்கு வந்தவர்களின் கிரெடிட் கார்டு எண்களை நான் ஒருவனுக்கு விற்றேன். அது வெளியே வந்தபோது, என்னிடம் வேலை செய்த ஒரு பெண்ணின் மேல் பழி விழ விட்டேன். இரண்டையும் தெரிந்தே செய்தேன்.

தண்டலத்துக்குப் பக்கத்தில், பெங்களூர் சாலையில் இருந்த அந்தத் தங்கும் விடுதிக்கு நான்தான் மேலாளர். பட்டம் படித்தவன் என்பதால் முதலாளிக்கு என்மேல் மதிப்பு. தொழிற்சாலை வேலையாக வரும் அதிகாரிகளில் சிலர் அப்போதே கார்டு வைத்திருந்தார்கள். கல்லாவில் ஓர் இரும்புத் தட்டு இருந்தது. கார்டை அதில் வைத்து, மேலே மூன்றடுக்குச் சீட்டை வைத்துக் கைப்பிடியை இழுத்தால், கார்டில் புடைத்திருக்கும் பெயரும் எண்ணும் சீட்டில் பதியும். அடுக்குகளுக்கு நடுவே கார்பன் தாள். வாடிக்கையாளர் கண்ணெதிரே அதைக் கிழித்துப்போட வேண்டும் என்று வங்கிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

நாங்கள் கிழிக்கவில்லை. முதலாளி சிக்கனக்காரர். ஒருமுறை அடித்த கார்பனைச் சமையலறைச் சீட்டு எழுத இன்னும் பத்து முறை பயன்படுத்தலாம் என்பார். அதனால், கல்லாவில் இருந்த பெண் அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைப்பார். வடக்குப்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர், கிறிஸ்தவக் குடும்பம். டப்பாவில் போடச் சொன்னது நான்.

வாரம் ஒருமுறை தங்கும் ஒருவன் அந்தப் பழைய கார்பன்களைக் கேட்டான். "எங்க ஆபீஸ்ல பில்லு போட ஆவும் சார், சும்மா குப்பையில போறதுதானே" என்றான். கொடுத்தேன். பணம் வைத்த ஓர் உறை தந்தான். குப்பைக்கு யாரும் உறை தரமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. இரண்டாம் முறை அவன் வருவதற்கு முன், ஒரு தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தேன். வெளிச்சத்தில் எண்ணும் பெயரும் காலாவதித் தேதியும் பளிச்சென்று தெரிந்தன. அதன்பிறகும் மூன்று முறை கொடுத்தேன்.

அந்த எண்களில் போலிக் கார்டு செய்து எங்கோ நகை வாங்கியிருக்கிறார்கள். பணம் பறிபோன எல்லாரும் எங்கள் விடுதியில் தங்கியவர்கள் என்று கண்டுபிடித்து வங்கி அதிகாரி வந்தார். டப்பா அந்தப் பெண்ணின் மேசை இழுப்பறையில் இருந்தது. சீட்டுகளில் அவருடைய கையெழுத்து. முதலாளி என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணும் என்னைப் பார்த்தார்.

"எனக்கு எதுவும் தெரியாது" என்றேன்.

அன்றே அவரை அனுப்பிவிட்டார்கள். ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் வேலைக்கு அவரை ஏறக்குறைய எடுத்திருந்தார்கள். அங்கிருந்து விசாரித்தபோது முதலாளி நடந்ததைச் சொன்னார். அந்த வேலையும் போயிற்று. ஊரில் அவருக்கு 'லாட்ஜுல கை வெச்சவ' என்ற பெயர் நின்றது.

இரண்டு வருடம் கழித்துத்தான் எல்லாவற்றையும் கைப்பட எழுதி முதலாளியிடம் கொடுத்தேன். "பழைய குப்பையைக் கிளறாதய்யா" என்று சொல்லி என் கணக்கை முடித்து அனுப்பினார். வங்கியிலும் ஒரு நகல் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். இன்னொரு நகலை எடுத்துக்கொண்டு வடக்குப்பட்டு போனேன். அந்தப் பெண் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே படித்தார்.

"இத எங்கிட்ட குடுத்து இன்னா சார் பண்றது? நான் திருடலன்னு எனக்குத் தெரியாதா? ஞாயித்துக்கிழம கோயில்ல ஆராதனை முடிஞ்சு அறிவிப்பு சொல்லுவாங்க. அப்ப வந்து படிங்க. ஊரே இருக்கும்."

போனேன். போதகர் அனுமதித்தார். கடிதத்தைப் படித்து முடித்தேன். யார் முகத்திலும் ஒன்றும் மாறவில்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர், "கருப்புத் தாள வெச்சு இன்னாத்த திருடறது?" என்று கேட்டார். அவர்களில் எவரும் கார்டைக் கண்டதில்லை. திருட்டு எப்படி நடந்தது என்று புரியாமல், அந்தப் பெண் திருடவில்லை என்பது அவர்களுக்கு எப்படிப் புரியும்? பையில் சாட்சிக்கென்று கொண்டுவந்திருந்த அந்தப் பழைய கார்பன்களில் ஒன்றை, எண்ணின் பாதியைக் கிழித்துவிட்டு, ஜன்னலில் பிடித்துக் காட்டினேன். ஒவ்வொருவராக எழுந்து வந்து பார்த்தார்கள். டப்பாவில் போட்டவருக்குத் தெரியாது, தூக்கிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும் என்றேன்.

"இம்மாம் படிச்சவரு, குப்ப வித்தா பொழச்சாரு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும், "தூக்கிக் காட்ட ரெண்டு வருஷம் ஆச்சா சார்?" என்று மட்டும் கேட்டார்.

பெயர் மீண்டது. வேலை மீளவில்லை. அந்த இடத்தில் வேறொருவர் சேர்ந்திருந்தார்.

ஏறத்தாழ முப்பது வருடம் கழித்து, போன வருடம், என் போன் எண்ணைப் போதகர் குடும்பத்திடம் வாங்கி அந்தப் பெண்ணே கூப்பிட்டார். மகன் ஒரகடத்தில் கார் கம்பெனியில் இருக்கிறான். புதிதாகக் கார்டு வந்திருக்கிறது. "பேங்க்லேந்து பேசறேன்னு ஒருத்தன் லைன்ல கீறான். லிமிட்டு ஏத்தித் தரேன், போனுக்கு வந்த நம்பரச் சொல்லுன்றான். பையன் போனப் புடுங்கி வெச்சிக்கினு கீறேன். திருடனா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும். உங்களுக்குத்தானே தெரியும்."

"அவசரப்படுத்துறானா?"

"அஞ்சு நிமிசத்துல கார்டு பிளாக் ஆயிடுமாம். லைன கட் பண்ணக்கூடாதாம்."

"கட் பண்ணிடும்மா. அந்த நம்பரை யாருக்கும் சொல்லக்கூடாது, பேங்க்காரனே கேட்டாலும். கார்டுக்குப் பின்னால ஒரு நம்பர் இருக்கும். நீங்களா அதுக்குப் பண்ணிக் கேளுங்க."

"சரி" என்று வைத்துவிட்டார்.

மறுவாரம் மறுபடி கூப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏதோ குறுஞ்செய்தி வந்திருக்கிறதாம். நலமா என்று கேட்கவில்லை. செய்தியை ஓர் எழுத்து விடாமல் படித்துக் காட்டினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.