துரைசானி திருப்பிக் கேட்ட கோயில் படம்

பூந்தமல்லியில் ஒரு வெள்ளைக்கார டாக்டரின் பங்களாவில் என் வீட்டுக்காரர் சமையல் வேலை பார்த்தார். டாக்டர் காய்ச்சலில் இறந்துபோனதும் அவர் மனைவி துரைசானியம்மா ஊருக்குக் கப்பலேற ஆயத்தமானார். சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தபோது இவர் பங்குக்கு வந்தது கண்ணாடி போட்ட ஒரு படம். காட்டுப்பாக்கம் வரை தலையில் சுமந்தே கொண்டுவந்தார்.

படத்தில் வர்ணமே இல்லை. எல்லாம் மயிரிழைக் கோடுகள். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்ததாம். பெரிய பெரிய மரங்கள், தூரத்தில் மலை, நடுவில் தூண் தூணாக ஒரு கோயில். கொம்பில் மாலை சுற்றிய காளையை ஓட்டிக்கொண்டு ஒரு கூட்டம் படியேறுகிறது. பெண்கள் தலையில் கூடை. கூட்டத்துக்குப் பின்னால், மரத்தடியில், இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி தனியாக நிற்கிறாள்.

அந்த மாசிதான் எங்கள் நாலு மாதக் குழந்தை தவறியிருந்தது. நான் அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை கண்ணாடியில் குங்குமம் வைத்தேன்.

"கிரீஸ்னு ஒரு தேசத்துக் கோயிலாம்மே அது. அந்த சாமிய இப்ப அங்கியே யாரும் கும்புடறதில்லன்னு டாக்டர் சொல்வாரு" என்றார் இவர்.

"யாரும் கும்புடலன்னா நாம கும்புட்டா இன்னா?"



பத்து நாள் கழித்து வாசலில் ஜட்கா வந்து நின்றது. துரைசானியம்மா இறங்கினார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அந்தப் படம் திரும்ப வேணும். மன்னிக்கணும். துரைக்கு ரொம்ப ஆசை அது மேலே" என்றார், தெரிந்த தமிழில்.

 தினமும் வைத்து வைத்துக் கண்ணாடியெல்லாம் குங்குமம். அதைப் பார்த்துவிட்டு, "இது ஏன்?" என்று கேட்டார்.

மரத்தடிப் பெண்ணைத் தொட்டுக் காட்டினேன். "எம் புள்ள பூடுச்சும்மா. இவகிட்ட ஒண்ணு கீது. அதான்."

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இத்தனை வருஷம் என் வீட்டுச் சுவர்லே இருந்தது. இவளை நான் பார்த்ததே இல்லை" என்றார்.

படத்தை இறக்கி, முந்தானையால் குங்குமத்தைத் துடைக்கப் போனேன். துரைசானியம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

குங்குமத்தோடேயே படத்தை ஏற்றிக்கொண்டு ஜட்கா போனபின், "குட்த்தத திருப்பிக் கேக்கறாங்களே" என்று இவர் முனகினார்.

"அவுங்களுக்கும் வேற இன்னா கீது, பாவம்" என்றேன்.

இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குழந்தையைப் பற்றி அதுவரை வாயே திறக்காத மனுஷன், அதன் பேரைச் சொல்லி அழுதார்.