வெளியே நிற்கச் சொல்லியிருக்கலாம்

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் வேலை செய்கிறேன். குணமாகாத நோயாளிகளின் வலியையும் மூச்சுத்திணறலையும் தணிப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை. செவ்வாய்க்கிழமைகளில் மாணவர்களை அழைத்துக்கொண்டு நோயாளிகளின் வீடுகளுக்குப் போவேன். சிகிச்சையும் பாடமும் ஒரே நடையில் முடிந்துவிடும். ஐந்து மணிக்குள் மகளைக் காப்பகத்திலிருந்து கூட்டிவர வேண்டிய எனக்கு அது வசதி. அந்த வசதிக்காகத்தான் அப்படி அமைத்துக்கொண்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.

சேக்காட்டில் ஒரு நோயாளி இருந்தாள். அவளுக்கு என் வயதுதான். கருப்பைவாய்ப் புற்றுநோய். எட்டு வயதில் ஒரு மகள். நான்கு மாணவர்களோடு நான் உள்ளே நுழைந்ததும் சிரித்தாள்.

“இன்னா டாக்டரம்மா, பொண்ணு பாக்க வர்றா மாதிரி கும்பலா வந்துகினு கீறீங்க? பஜ்ஜி சொஜ்ஜில்லாம் ஒன்னும் கெடையாது.”

மாணவர்களும் சிரித்தார்கள். கட்டிலின் ஓரத்தில் வெள்ளை சாட்டின் துணி மடித்து வைத்திருந்தது. மே மாதம் மகளுக்கு மாதா கோவிலில் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் சடங்கு. கவுனைத் தானே தைக்க வேண்டும் என்று வைத்திருந்தாள். வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்த என் கையைப் பிடித்தாள்.

“மே மாசம் வரிக்கும் இருப்பனா? மறைக்காம சொல்லுங்கோ. இருக்க மாட்டேன்னா ஃபாதராண்ட கேட்டு இந்த ஞாயித்துக்கெழமயே ஊட்ல வச்சுக் குட்த்துடச் சொல்றேன். புள்ள நன்மை வாங்கறத நான் பாத்துடணும்.”

எனக்கு பதில் தெரியும். இன்னும் சில நாட்கள்தான்.

ஆனால் முந்தின வாரம்தான் வகுப்பில் நடத்தியிருந்தேன்: கெட்ட செய்தியைக் கூட்டத்தில் சொல்லக்கூடாது, தனிமை வேண்டும், உட்கார்ந்து பேச நேரம் வேண்டும். நால்வரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அடுத்த செவ்வாய் நான் மட்டும் வர்றேன்மா. நாம ரெண்டு பேரும் பொறுமையா பேசலாம்.”

அவள் கையை விட்டாள். திரும்பும்போது வேனில் ஒரு மாணவி, “நல்லா ஹேண்டில் பண்ணீங்க மேடம்” என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இது பொய்யாகிவிடும்.

அடுத்த செவ்வாய் காலையில் என் மகளுக்குக் காய்ச்சல். விடுப்பு எடுத்துக்கொண்டு, மறுநாள் வருவதாகச் சேக்காட்டுப் பெண்ணின் கணவருக்குப் போன் செய்தேன். “வலி இல்ல, தூங்கிக்கினே கீது” என்றார். தூக்கம் அதிகமானால் என்ன அர்த்தம் என்று மாணவர்களுக்குச் சொல்லித்தருபவள் நான். மகளின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டே சரி என்றேன்.

புதன்கிழமை போனபோது அவள் கண்கள் பாதி திறந்திருந்தன. கூப்பிட்டதற்கு அசைவில்லை. சாட்டின் துணி வெட்டப்படாமல் அங்கேயே இருந்தது. கணவர் மெதுவாகச் சொன்னார்: “ஃபாதரக் கூப்டவான்னு கேட்டேங்க. வேணாம்னுச்சு. டாக்டரம்மா அடுத்த வாரம் பேசலாம்னு சொல்லிச்சு, அப்ப சீக்கிரத்துல ஒன்னும் ஆவாதுன்னு அர்த்தம்னுச்சு.”

நான் பதில் சொல்லவில்லை என்று நினைத்திருந்தேன். சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை இறந்துபோனாள்.

வகுப்பில் இதை அப்படியே சொன்னேன். அந்த மாணவிதான் கேட்டாள்: “எங்கள வெளிய நிக்கச் சொல்லியிருக்கலாமே மேடம்?” சேக்காட்டு வீட்டின் கேட்டுக்கு வெளியே நிழல்கூட இருந்தது. ஆமாம் என்றேன்.

மே மாதம் அவள் கணவர் அழைத்ததால் கோவிலுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கடையில் வாங்கிய கவுன் குழந்தைக்குத் தொளதொளவென்று இருந்தது. தோளில் நழுவ நழுவ இழுத்துவிட்டுக்கொண்டே வரிசையில் நின்றாள். என் கைப்பையில் ஊக்கு இருந்தது. எழுந்து போகலாமா, யாராவது ஏதாவது நினைப்பார்களா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வரிசை முன்னே நகர்ந்துவிட்டது.