பங்கில்லாதவளின் சட்டி

ஒல்லாந்தர் கோட்டையில் காலை மணி அடிக்கும்போது ஏரிக்கரையில் என் கூழ்ப்பானை கொதித்துக்கொண்டிருக்கும். பனிமூட்டத்துக்குள் தோணிகள் முதலில் சத்தமாகத்தான் வரும். தண்ணீரில் கழி ஊன்றும் சத்தம், ஒரு இருமல், அப்புறம்தான் ஆள். அந்தக் காலைகளை இப்போது நினைத்தால், அங்கே இருந்தது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வருகிறது.

நான் திருப்பாலைவனத்தில் நெல் வயல்களுக்கு நடுவே பிறந்தவள். பிழைக்க வந்த இடத்தில் நாலு கம்பு நட்டு, ஓலை வேய்ந்து, கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும் விற்றேன். எனக்கு இருபுறமும் இரண்டு மீனவக் குப்பங்கள். ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒவ்வொரு குடும்பத்தின் குறியையும் ஓலை நறுக்கில் கீறி, என் காலிச் சட்டியில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். என் கூழின் ருசிக்குத்தான் இந்த மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கர்வம் என்றால் அப்படி ஒரு கர்வம்.

அந்தச் சட்டியில் எனக்கென்று ஒரு நறுக்கு இல்லாததுதான் மனதை அரித்தது. ஒரு பாடு இருந்தால் ஆள் வைத்து வலை போடலாம். அதைவிட, நானும் இந்தக் கரைக்காரி ஆகிவிடலாம். கேட்டேன். சிரித்து மழுப்பினார்கள். கோட்டைச் சமையற்கட்டுக்கு ஆள் தேடியபோது, அந்தக் கோபத்தில் கடையைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டேன்.

கோட்டைக்குள் வெயில்கூட மெதுவாகத்தான் நகரும். சுவருக்கு அந்தப் பக்கம் ஏரி இருப்பதே மீன் வாசனையில்தான் தெரியும். சில நாளில் அந்த வாசனையும் குறைந்தது, சமையலுக்கு மீன் வருவதும் நின்றது. விசாரித்தால், பாடு எடுக்கவே இல்லை என்றார்கள். ஒரு குப்பத்தில் சட்டி வைத்தால் மற்றக் குப்பம் அதற்குள் கை விட்டுச் சீட்டெடுக்க மறுத்ததாம். வலைகள் கரையில் காய்ந்து கிடந்தன. கருவாடு போடும் பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மீஞ்சூர் மாட்டுவண்டிகள் வெறுமையாகத் திரும்பிப் போய், பிறகு வராமலே நின்றுவிட்டன. உப்புக்காரருக்கும் பானை விற்பவளுக்கும் வியாபாரம் இல்லை. ஒரு கூழ்க்கடை மூடியதற்கு இவ்வளவா என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அற்ப புத்திதான், வேறென்ன?

ஒருநாள் இரண்டு குப்பத்துத் தலைவர்களும் ஒரே தோணியில் கோட்டை வாசலுக்கு வந்தார்கள். மூத்தவர் சுற்றி வளைக்கவில்லை.

"கடைய மறுபடி போடும்மா. நீ கேட்டியே ஒரு பாடு, அத உனக்குக் குடுத்துடறோம்."

உடம்பெல்லாம் சிலிர்த்தது. அத்தோடு வாயை மூடியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே. என் கூழ் இல்லாமல் இருக்க முடியவில்லையா என்று கேட்டுவிட்டேன்.

இளையவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "கூழு எங்க வூட்லயும்தான் காச்சறாங்க. ஏரில உனக்குப் பங்கு இல்ல, நீ யார் பக்கமும் சாய மாட்டன்னு ரெண்டு குப்பமும் உன் சட்டிய நம்புச்சு."

அழுகை வந்துவிட்டது. என்னைத் தேடி வந்த காரணத்தையே அவர்கள் கொடுக்கும் பங்கு தின்றுவிடும் என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. நல்ல இடம் எனக்கு விழுகிற அன்றே ஏதாவது ஒரு குப்பம் என் சட்டியைச் சந்தேகப்படும்.

மறுநாள் பனியோடு பனியாகக் கரைக்குப் போய்க் கம்பு நட்டேன். மத்தியானம் இரண்டு குப்பமும் கூடின. எல்லா நறுக்கும் சட்டியில் விழுந்த பிறகு, எனக்கென்று புதிதாகக் கீறிய ஒன்றை மூத்தவர் என் கையில் கொடுத்தார். ஆசை தீர அதைத் தடவிப் பார்த்தேன். பிறகு அடுப்பில் போட்டேன்.

"எனக்கு வேணாண்ணே. நீங்க குலுக்குங்க."

அன்று சாயங்காலம் தோணிகள் ஏரிக்குள் போயின. எனக்கென்று ஒன்றும் போகவில்லை.