ஓடைக்கரையில் யானை

செண்பகத்தோப்புக் காட்டில் ஓடையை ஒட்டி மகளோடு நடந்துகொண்டிருந்தேன். திடீரென்று, புளித்த வைக்கோல் மாதிரி ஒரு வாடை வந்தது. முன்னால் போன வனக்காவலர் கையைக் காட்டி எங்களை நிறுத்தினார். பாதையில் யானை லத்தி, ஈரம் காயாமல் கிடந்தது.

சின்ன வயதில் இதே வாடையை இதே காட்டில் மோந்திருக்கிறேன். பட்டாசு ஆலைக்கு லீவு விட்டிருந்த ஒருநாள், அங்கே வேலை பார்த்த அப்பா என்னையும் அத்தையையும் இங்கே கூட்டி வந்தார். அத்தை, அப்பாவின் தங்கை. தீப்பெட்டி ஆபீஸில் வேலை. காட்டு யானையை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

ஓடை தேங்கிச் சேறாகிக் கிடந்த இடத்தில் பார்த்துவிட்டோம். தாயும் குட்டியும், ரொம்பக் கிட்டத்தில். தாய் காதை விரித்து எங்கள் பக்கம் திரும்பியது. அதை விரட்ட அப்பா பைக்குள்ளிருந்து வெடியை எடுத்தார். தீப்பெட்டியைத் தேடிய அவர் கையை அத்தை பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்ண்ணே. குட்டி சேத்துக்குள்ள நிக்கி. அது பயந்துச்சுன்னா தாய் நம்மள மிதிச்சிரும்."

மருத மரத்துக்குப் பின்னால் ஒண்டி நின்றோம். அப்பா என்னைத் தன்னோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். யானை துதிக்கையைத் தூக்கி எங்களை மோந்து பார்த்தது. பிறகு குட்டியைக் கரையேற்றிக்கொண்டு மரங்களுக்குள் போய்விட்டது.

"ஏத்தா, உனக்குப் பயமே இல்லையா?" என்றார் அப்பா.

"பயந்தாண்ணே. ஆனா அதோட இமைமுடியப் பாத்தீகளா? எம்புட்டு நீளம்!"

அதைச் சொன்ன பிறகுதான் அத்தை அங்கேயே உட்கார்ந்தாள்.

காவலர் எங்களைத் திரும்பி நடக்கச் சொன்னார். "கொஞ்சம் நின்னு பாப்பமாம்மா?" என்று மகள் என் காதில் கேட்டாள். நான் ஏற்கெனவே மரங்களுக்கு நடுவே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.