நிதியமைச்சரின் தீப்பெட்டி லிஃப்ட்

அந்தக் குடும்பம் குடியிருந்தது மூன்றாவது மாடியில். அவர்களுடைய கடன் மட்டும் இருபதாவது மாடியில் நின்றுகொண்டிருந்தது.

கடன் அவ்வளவு உயரம் ஏறியதற்கு ஒரே ஆளைக் கைகாட்ட முடியாது. ஆளுக்கொரு கை கொடுத்துத்தான் தூக்கிவிட்டார்கள். முதலில் தவணையில் ஃபிரிட்ஜ் வந்தது. அதற்குத் துணையாக வாஷிங் மெஷின். அப்புறம் ஒரு சோபா. குடும்பத் தலைவர் லிஃப்ட் மெக்கானிக்; அவர் வாங்கிய சோபாவோ லிஃப்டுக்குள் நுழையாமல் நாலு பேர் தோளில் படியேறி வந்தது. அந்த மானக்கேட்டை மறக்க ஒரு பெரிய டிவி. கடைசியில் எல்லாத் தவணைகளையும் அடைக்க ஃபைனான்ஸ் கம்பெனியில் ஒரே பெரிய கடன். அதைக் கட்டுவதற்காக மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமைகளிலும், ஊரின் மறுகோடியில் இருந்த ஆஸ்பத்திரி லிஃப்டைப் பார்க்கப் போனார். இருட்டோடு கிளம்புவார், இருட்டிய பிறகு வருவார்.

அவர் மனைவிக்குச் சலவைக்கடையில் இஸ்திரி போடும் வேலை. வீட்டுக் காசு அவர் கையில் இருந்ததால் பிள்ளைகள் அவருக்கு நிதியமைச்சர் என்று பதவி கொடுத்திருந்தார்கள். சம்பளம் கிடையாது. வாடகை, சாப்பாடு, பள்ளிக்கூடம், கடன் என்று நாலு டப்பா வைத்திருந்தார். சம்பளம் வந்ததும் முதலில் கடன் டப்பா நிறைய வேண்டும், மிச்சம்தான் மற்றதற்கு. ஞாயிற்றுக்கிழமை அப்பா இல்லாத வீடு பல் விழுந்த வாய் மாதிரி அவருக்குத் தோன்றியது. கடன் இறங்கினால் ஆள் வீட்டுக்கு வருவார். அவருடைய பட்ஜெட் உரை மொத்தமே அவ்வளவுதான்.

ஆனால் எதிர்க்கட்சி சோர்ந்துபோனது.

"கட்டுறோம் கட்டுறோம்னு மாசாமாசம் கொண்டு போறீங்க. எங்க போகுதுன்னு கண்ணுக்கே தெரியல," என்றாள் மகள்.

"கிணத்துல கல்லு போட்டாலாவது சத்தம் கேக்கும்," என்றான் அவள் தம்பி பொடியன்.

மெக்கானிக் ஒரு காலித் தீப்பெட்டியை எடுத்தார். உடைந்த பொம்மைக் காரின் சக்கரம் கப்பியானது. ஒரு பக்கம் நூலில் தீப்பெட்டி, மறுபக்கம் எடைக்கு ஒரு போல்ட். சமையலறை நிலைச்சட்டத்தில் இருபது கோடு போட்டார். பாக்கி இருந்த தவணையும் இருபது. ஒரு தவணை கட்டினால் ஒரு மாடி கீழே.

அன்றிலிருந்து தவணை கட்டும் நாள் கல்யாண வீடு போல ஆகிவிட்டது. பொடியன் டம்ளரில் கரண்டியால் 'டிங்' அடிப்பான். மகள் மூக்கால் அறிவிப்பாள்: "பத்தொன்பதாவது தளம். கதவருகே சாய்ந்து நிற்காதீர்கள்." எல்லோரும் குனிந்து தீப்பெட்டியைப் பார்ப்பார்கள், ஏதோ அதிலிருந்து மந்திரி இறங்கப் போகிற மாதிரி.

பதினான்காவது மாடியில் நிதியமைச்சருக்குப் பேராசை பிடித்தது. மாதம் ஒன்று ஏன், இரண்டாகக் கட்டினால் என்ன?

"ஏம்மா, கொஞ்சம் மெதுவாப் போயேன்," என்றார் மெக்கானிக்.

"நீங்க ஊரு லிஃப்டைப் பாருங்க. இந்த லிஃப்டை நான் பாத்துக்கறேன்."

சர்க்கரை பாதியானது. பிஸ்கட் என்பது வீட்டுக்குள் சொல்லக்கூடாத வார்த்தை ஆனது. மகளின் பழைய ஷூவுக்கு நாலாவது முறையாகப் பசை போடப்பட்டது. தீர்ந்துபோன பற்பசைக் குழாயை இஸ்திரிப்பெட்டிக்கு அடியில் வைத்து அழுத்தி இன்னும் ஒரு வாரம் ஓட்டினார். பொடியனின் தலையில் தானே கத்தரி வைத்தார். மறுநாள் வாத்தியார் அவனைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எலி தொல்லையாப்பா வீட்ல?" என்று கரிசனமாக விசாரித்தார்.

லிஃப்ட் மளமளவென்று இறங்கியது. மூன்றே மாதத்தில் எட்டாவது மாடி! நிதியமைச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. இஸ்திரி போட்டுக்கொண்டே தானாகச் சிரித்தார். கடை முதலாளி ஒருமுறை சட்டையில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

அப்புறம் வந்தது அந்தச் சனிக்கிழமை சாயங்காலம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "பசியில்ல," என்றார் மெக்கானிக். பொடியன் கேட்காமலேயே பாடம் படித்தான். அதிலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் நிதியமைச்சருக்கு வேறு அவசரம். முந்தானைக்குள் எதையோ பொத்திக்கொண்டு கூடத்துக்கு வந்து, சோபாவின் இருக்கையைச் சத்தமில்லாமல் தூக்கினார். அதற்கடியில் பெட்டி மாதிரி இடம் உண்டு.

இடம் இல்லை. உள்ளே, நடந்தால் விளக்கெரியும் ஷூ ஒரு ஜோடி, ஒரு பிளாஸ்டிக் ஹெலிகாப்டர், பாதி தின்ற கிரீம் கேக்.

திரும்பினால் பின்னால் மூவரும் திருதிருவென்று நிற்கிறார்கள்.

"ஹெலிகாப்டர் மட்டும்தான் என்னுது," என்றான் பொடியன், நீதிமன்றத்தில் போல. "வாடகை டப்பாவுல எடுத்தேன். ஆனா கேக் நான் இல்ல."

"ஷூ ஃப்ரெண்டுகிட்ட கடன்," என்றாள் மகள்.

எல்லோரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். அவர் மீசையைத் துடைத்துக்கொண்டார். "முழுசாச் சாப்பிடலயே, பாதிதானே?"

"அது சரி. அம்மா கையில என்ன?" என்றாள் மகள்.

"கொசு மருந்து."

"கொசு மருந்துல ரோஜாப்பூ வாசனை வருது?"

நிதியமைச்சர் முந்தானையை விலக்கினார். சென்ட் பாட்டில். பொடியன் தரையில் விழுந்து உருண்டான், மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், மெக்கானிக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நிதியமைச்சரும் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. சோபா விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்த மாசக் கடன் டப்பாவுல கை வச்சுதான் வாங்கினேன். தவணைக்கு இப்ப குறையுது. இன்னும் எத்தனை ஞாயித்துக்கிழமை நீங்க போகணுமோ..."

யாருக்கும் சிரிப்பு மிஞ்சவில்லை. மெக்கானிக் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"லிஃப்டு ஒண்ணும் அறுந்து விழாதும்மா. வேகம் கூடினா அடியில இருக்கிற பிரேக் ரெண்டு பக்கத்துத் தண்டவாளத்தையும் கவ்விக்கிட்டு நடுவுல நின்னுடும். அப்படித்தான் செஞ்சிருக்காங்க. நாமளும் நின்னுட்டோம், அவ்வளவுதான்."

"அப்ப எப்படி இறங்கறது?"

அவர் எழுந்து போய் நூலைப் பிடித்தார். தீப்பெட்டி எட்டிலிருந்து ஒன்பதுக்கு ஏறியது.

"அப்பா! ஏத்தறீங்க!" என்று இரண்டு பிள்ளைகளும் அலறினார்கள்.

"கவ்வினது விடணும்னா முதல்ல கொஞ்சம் மேல தூக்கணும்டா. கீழ தள்ளத் தள்ள இன்னும் இறுகும்."

நிதியமைச்சர் ஒன்பதாவது கோட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டார்; டப்பாக்களில் எடுத்ததும் ஷூக் கடனும் சேர்ந்து ஒரு மாடிதான். பிறகு அலமாரியில் இருந்து ஐந்தாவது டப்பா ஒன்றை எடுத்து, அதன்மேல் 'கூத்து' என்று எழுதினார். வாரம் கொஞ்சம் காசு அதில் விழும். யார் முறையோ அவர் செலவழித்தே ஆகவேண்டும். மிச்சம் பிடித்தால் அபராதம். மாதம் ஒரே மாடி. ஒருமுறை பொடியன் தன் முறைக்குப் பலூன் வாங்கி வந்தான், மொத்தக் காசுக்கும். குளிக்கப் போகவே பலூனைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அந்த மாதமும் தவணை ஒரு காசு குறையவில்லை. சலவைக்கடையில் கூடுதல் நேரம் வேலை பார்க்கச் சொன்னபோது நிதியமைச்சர் யோசிக்காமல், "இன்னைக்கு எங்க வீட்ல கூத்து, முடியாதுங்க," என்றார். முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை.

கடைசித் தவணை கட்ட நால்வரும் சேர்ந்தே போனார்கள். கவுன்டரில் இருந்த இளைஞன் முத்திரை குத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மேடம், உங்கள மாதிரி ஒழுங்காக் கட்டுறவங்களுக்கு ஸ்பெஷல் ஆஃபர். இதைவிட ரெண்டு மடங்கு லோன், இன்னைக்கே தர்றோம்."

"வேணாம் தம்பி. உயரத்துக்குப் போனா எங்களுக்குத் தலை சுத்தும்," என்றார் நிதியமைச்சர். மகள் முதலில் களுக்கென்றாள். அப்புறம் நால்வரும் அடக்கமாட்டாமல் சிரித்ததில் வாசல் காவலாளி உள்ளே ஓடி வந்தார்.

அடுத்த ஞாயிறு மெக்கானிக் பழக்கதோஷத்தில் இருட்டோடு எழுந்து, பேன்ட்டில் ஒரு காலை விட்டபிறகு நினைவு வந்து அப்படியே நின்றார்.

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். உக்காருங்க."

அவருக்கு உட்காரத் தெரியவில்லை. எழுந்து எழுந்து கதவுக் கீலைப் பார்த்தார். பிள்ளைகள் இரண்டு பக்கமும் அணைகட்டினாற்போல் உட்கார்ந்து கதையளந்தார்கள். பத்து மணிக்கெல்லாம், பொடியன் சொன்ன ஜோக்குக்குச் சிரிக்க வாயைத் திறந்தவர் திறந்தபடியே தூங்கிப்போனார்.

மகளும் பொடியனும் ஸ்கெட்ச் பேனாக்களோடு இரண்டு பக்கமும் நெருங்கினார்கள். நிதியமைச்சர் தடுப்பார் என்று பார்த்தால், சத்தமில்லாமல் வந்து குனிந்தார்.

"நெத்தியில என்ன வேணா வரைஞ்சுக்குங்க. இடது கன்னத்தை எனக்கு ஒதுக்கிடுங்க," என்றார்.