பத்தில் இல்லாத படம்

எங்கள் பள்ளியில் என்னைக் 'கெஸ் மிஸ்' என்பார்கள். வேதியியல் எடுக்கிறேன். பொதுத்தேர்வில் இந்த ஐந்து மதிப்பெண் கேள்வி வரும் என்று நான் வட்டம் போட்டால் பெரும்பாலும் வந்துவிடும். மந்திரம் ஒன்றும் இல்லை. பழைய வினாத்தாள்களை வருடவாரியாகக் கட்டம் கட்டி எழுதி வைத்திருக்கிறேன். எது விட்டுவிட்டு வருகிறது, எது போன வருடம் வந்ததால் இந்த வருடம் ஓய்வெடுக்கும் என்று கட்டத்தைப் பார்த்தாலே தெரியும். நாமக்கல்லுக்கு வெளியே, கோழிப்பண்ணைகளுக்கும் சோளக்காட்டுக்கும் நடுவில் நிற்கும் விடுதிப் பள்ளி இது. இங்கே பாடம் நடத்துகிறவரைவிடக் கேள்வி சொல்கிறவருக்குத்தான் மரியாதை.

அந்த மரியாதையே என்னைக் கட்டிப்போட்டது. ஒரு வருடம் என்று சேர்ந்தேன், மூன்றாவது நடக்கிறது. "நீங்க போயிட்டா எங்களுக்கு யாருங்க மிஸ் கெஸ் போடறது?" என்று தாளாளர் சிரித்துக்கொண்டே கேட்பார். என் அசல் சான்றிதழ்கள் அவர் அறை பீரோவில் இருக்கின்றன. நான் இருப்பது மாணவிகள் விடுதியில். காலையில் போனை அலுவலகத்தில் ஒப்படைத்தால் இரவுப் படிப்பான ஸ்டடி முடிந்த பிறகு அரை மணி நேரம் கையில் தருவார்கள். ஞாயிறு மதியம் மட்டும் முழுதாக என்னுடையது. சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் என் வீட்டுக்கு அந்த மதியத்தில் போனால் முகம் கழுவிவிட்டு அடுத்த பஸ் ஏற வேண்டியதுதான். அதனால் போவதில்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து சினிமாவைப் பற்றிப் படிப்பேன். பார்ப்பதில்லை, படிப்பதுதான். இங்கே கிடைக்கிற சிக்னலில் முன்னோட்டமே மூன்று தடவை நின்று நின்றுதான் ஓடும்.

போன மார்கழியில் சென்னை இணைய இதழ் ஒன்று எழுத ஆள் தேடியது. ஆண்டுதோறும் உலகமே எட்டிப் பார்க்கும் அமெரிக்கத் திரைப்பட விருது இருக்கிறதே, அதில் சிறந்த படத்துக்கு எந்தப் பத்துப் படங்களைப் பரிந்துரைப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும். அவ்வளவுதான், வேறு விண்ணப்பம் கிடையாது.

எனக்குக் கை பரபரத்தது. இது நான் தினமும் செய்கிற வேலை அல்லவா! ஒரு லாங் சைஸ் நோட்டில் கட்டம் போட்டேன். போர்ப் படம், கட்டாய வினா. வாழ்ந்து மறைந்தவரின் கதை, புத்தகப் பயிற்சி வினா, வராமல் போகாது. வேற்று மொழிப் படம் ஒன்று, சமீப வருடங்களில் தொடர்ந்து வருகிறது. திரைப்பட விழாவில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டிய படம், சிந்தனை வினா. ஒன்பது இடம் மளமளவென்று நிரம்பிவிட்டது.

பத்தாவதில்தான் பேனா நின்றது.

அந்த வருடப் படங்களில் நான் உண்மையாகவே பார்த்திருந்தது ஒன்றே ஒன்றுதான். தீபாவளி விடுமுறையில் சேலத்தில் ஒரே ஒரு காலைக் காட்சி போட்டார்கள். அரங்கில் ஆறு பேர், அதில் இருவர் தூங்கினார்கள். ஏதோ ஒரு குளிர் நாட்டுப் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் பெண்ணின் கதை. ஊரே படகேறி அக்கரைக்குப் போய்வருகிறது, அவள் மட்டும் கிழித்துக்கொண்டே இருக்கிறாள். படம் முடிந்தும் நான் எழவில்லை. கூட்டிப் பெருக்க வந்த அம்மா, "படம் முடிஞ்சுபோச்சு கண்ணு, காலத் தூக்கு" என்ற பிறகுதான் எழுந்தேன்.

அதை எழுதலாமா? கட்டத்தைப் பார்த்தேன். தெரிந்த முகம் இல்லை, பெரிய கம்பெனி இல்லை, போரும் இல்லை. இந்த மாதிரிக் கேள்வி இதுவரை வந்ததே இல்லை. மாணவி யாராவது இதைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் திட்டியிருப்பேன். பத்தாவதாக இன்னொரு போர்ப் படத்தை எழுதி அனுப்பிவிட்டேன்.

பரிந்துரைப் பட்டியல் நம் நேரத்துக்கு மாலை ஏழு மணி வாக்கில் வெளியானது. அப்போது நான் ஸ்டடி ஹாலில் இருந்தேன். மாணவிகள் நாற்பது பேர், தலைக்கு மேல் கேமரா, கேமராவுக்குக் கீழே ஒலிபெருக்கி. தாளாளர் தன் அறையிலிருந்தே பார்ப்பார், பேசுவார். என் போன் அலுவலகத்தில் பூட்டிக் கிடந்தது. போன் வைத்துக்கொள்ள அனுமதி உள்ள ஒரே ஆள் விடுதி வார்டன் அக்கா. விஷயத்தை அவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

"மிஸ், அட்டெண்டன்ஸ் கேட்டீங்கல்ல, இந்தாங்" என்று வருகைப் பதிவேட்டை நீட்டினார். அதன் நடுவில் ஒளித்து அவருடைய போன். குனிந்து பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று... ஒன்பது சரி. என் பத்தாவது போர்ப் படம் இல்லை. அந்த இடத்தில் டிக்கெட் கிழிக்கும் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னங் மிஸ், பாஸுங்களா?"

"ஒண்ணு போயிருச்சுக்கா."

"அட, ஒண்ணுதானுங்களே! அதுக்கு எதுக்கு மூஞ்சிய இப்புடி வெச்சிருக்கறீங்க?"

அந்த ஞாயிறு மதியம் இணைய இதழின் ஆசிரியர் அழைத்தார். பெண் குரல், அவசரமே இல்லாத குரல். மாடியில் தொட்டியைச் சுற்றி நடந்தபடியே பேசினேன்.

"ஒன்பது சரியா சொல்லியிருக்கீங்க. ஆனா எங்க ஆபீஸ்லயும் பாதிப் பேருக்கு எட்டு, ஒன்பது சரி. உங்க காரணங்களைப் படிச்சேன். எல்லாம் 'முன்னாடி வந்தது, அதனால வரும்'னே இருக்கு. இதுல நீங்க பார்த்த படம் எது?"

"ஒண்ணுதாங்க பார்த்தேன்."

"உங்க லிஸ்ட்ல எத்தனாவது?"

"என் லிஸ்ட்ல இல்லைங்க."

பக்கத்துப் பண்ணையில் கோழிகள் கத்தின. பிறகு சொன்னார்: "அதைப் பத்தி எழுதுங்க. ஏன் பிடிச்சுதுன்னு. அடுத்த ஞாயிறுக்குள்ள அனுப்புங்க. வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம்."

அந்த வாரம்தான் தாளாளரும் முக்கிய வினாப் பட்டியல் கேட்டிருந்தார். அதை ஒரு மணி நேரத்தில் முடித்தேன். இதை நான்கு நாளாகியும் தொடங்க முடியவில்லை. தொடங்கினாலே 'சிறப்புகள்: 1, 2, 3' என்றுதான் கை ஓடியது. எழுதியதைப் படித்துப் பார்த்தால் விடைக்குறிப்பு. எனக்கே பயமாக இருந்தது. பீரோவில் இருக்கும் சான்றிதழைக்கூட ஒரு நாள் சண்டை போட்டாவது வாங்கிவிடலாம். இந்தக் கையை என்ன செய்வது?

வியாழக்கிழமை ஸ்டடியில் நோட்டை மூடிவிட்டு எழுந்தேன். "கொஞ்சம் பேனாவக் கீழ வைங்க" என்றேன். படகுத்துறையைச் சொன்னேன். அவள் கையுறையில் இருந்த ஓட்டையை, அக்கரையில் மாலையானால் தெரியும் ஒற்றை மஞ்சள் விளக்கை, அது என்ன கட்டடம் என்று அவள் யாரிடமும் கேட்காததை எல்லாம் சொன்னேன். பேனாக்களைத் தள்ளி வைத்துவிட்டு எல்லாரும் முன்னால் சாய்ந்தார்கள். இரண்டு வருடமாகச் சினிமாவே பார்க்காத பிள்ளைகள்.

மூன்றாம் வரிசையில், நாமகிரிப்பேட்டையிலிருந்து வந்த பெண் கையைத் தூக்கினாள். "கடைசில அந்தக்கா படகுல ஏறுனாங்ளா மிஸ்?"

ஒலிபெருக்கி கரகரத்தது. "மிஸ், அங்க என்னங்க நடக்குது? யாரும் எழுதறாப்பல தெரியலைங்களே?"

கேமராவை நிமிர்ந்து பார்த்தேன். "முக்கியமான கேள்விங் சார்."

"அப்பச் சரிங்க. நல்லா ரெண்டு தடவ சொல்லிக் குடுங்க."

நாற்பது தலைகளும் சிரிப்பை அடக்கக் குனிந்தன. நான் மெதுவாகச் சொன்னேன், "ஏறலை."

"ஏறவேயில்லையா? அப்பறம் எதுக்கு மிஸ் உங்களுக்குப் புடிச்சுது?"

சென்னை இதழாசிரியர் கேட்டதும் இதையேதான். அவருக்கு எழுத முடியாததை இவளுக்குச் சொல்ல முடிந்தது. ஏறுவாள், ஏறுவாள் என்று இரண்டு மணி நேரமும் நான் காத்திருந்தேன். கடைசிப் படகும் போன பிறகு, அவளுக்காக அல்ல, எனக்காகக் காத்திருந்தேன் என்று புரிந்தது. அன்று அரங்கை விட்டு வெளியே வந்து நாமக்கல் பஸ்ஸில் ஏறி, டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வழி நெடுக அழுதேன். அழுததை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. அதையும் சேர்த்து அங்கேயே, மேசையில் கிடந்த முக்கிய வினாப் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதினேன். எண் போடாமல் எழுதினேன். ஞாயிறு மதியம் அனுப்பினேன்.

அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு போய்விட்டது. நேற்று மாடிக்குத் துணி காயப்போட வந்த வார்டன் அக்கா, நான் போனையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு நின்றார்.

"மிஸ், பதில் வருமுங்களா?"

"தெரியலக்கா."

"ஏனுங், உங்களுக்கே தெரியலீங்களா?" என்று வாளியைக் கீழே வைத்துவிட்டு, என்னை முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தார்.