வாசலில் வைத்த கறிவேப்பிலை

கறிவேப்பிலை நிழலில் தழைக்காது. செத்துவிடாது, ஆனால் தழைக்காது. நாளில் பாதியாவது வெயில் அதன் தலையில் நேராக விழவேண்டும். உயர்தரத்தில் உயிரியல் படித்ததால் இதற்கான காரணத்தை என்னால் விளக்க முடியும். எங்கள் குடும்பத்தில் அந்த வகுப்புவரை போனவன் நான் ஒருவன்தான். அப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்கி முதுகு போய்ச் செத்தார். அண்ணன் எட்டாம் வகுப்போடு துணிக்கடைக்குப் போய்விட்டான். அம்மா பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததே என்னைச் சேர்க்க வந்த அன்றுதான்.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த வத்தையில், நெருக்கமான குடிசை வரிசைகளுக்கு நடுவே, அண்ணன் ஒரு கறிவேப்பிலைக் கன்றை நட்டான். பொதுக்குழாய்த் தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில், எங்கள் வாசலை ஒட்டி. சோறு வடித்த கஞ்சி, பாத்திரம் கழுவிய தண்ணீர், மீன் அலசிய தண்ணீர் எல்லாம் அந்த வழியாகத்தான் போகும். எதிரே தகரக் கூரைகள் தாழ்வாக இருந்ததால் காலையிலிருந்து மத்தியானம்வரை வெயில் தடையில்லாமல் விழும். யாரும் உரம் போடவில்லை, யாரும் பார்த்துக்கொள்ளவும் இல்லை. அது கூரையைத் தாண்டி வளர்ந்தது. வத்தைச் சனம் முழுதும் அதில்தான் கறிக்குக் கிள்ளியது. அம்மா அவித்து விற்கும் இடியப்பம் வாங்க வருகிறவர்கள் எங்கள் வீட்டைக் "கறிவேப்பிலை மரத்து வீடு" என்றுதான் கேட்டு வருவார்கள்.

சண்டை முடிவதற்கு முந்திய அந்தக் கெட்ட வருஷங்களில் ஒரு நாள், கடை விட்டு வரும் வழியில் அண்ணனை யாரோ ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போனதாக ஒருவர் வந்து சொன்னார். மறுநாள் போய்க் கேட்டபோது, தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். அதற்குப் பிறகு அண்ணனைப் பற்றி ஒருவரும் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

சில வருஷங்கள் கழித்து வத்தையை உடைத்தார்கள். எங்களுக்குத் தெமட்டகொடையில் தொடர்மாடி ஒன்றின் மேல்தளத்தில் வீடு கிடைத்தது. மரத்தைக் கொண்டுபோக முடியாது. வேரிலிருந்து பக்கத்தில் முளைத்திருந்த ஒரு கன்றை அம்மா மண்ணோடு தோண்டிப் பழைய பெயின்ட் வாளியில் வைத்தாள். வத்தை முனையில் பெட்டிக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் நானாவிடம் அந்த வாளியோடேயே போய் நின்றாள்.

"நானா, பெரியவன் வந்தா தெமட்டகொடை ஃப்ளெட்ஸுக்கு அனுப்புங்க. அங்க கதவெல்லாம் ஒரே மாதிரி. வாசல்ல கறிவேப்பிலை நிக்கும்னு சொல்லுங்க, அவன் கண்டுபிடிச்சிருவான்."

"சொல்றேன் தங்கச்சி. ஒங்கட புள்ளய எனக்குத் தெரியாதா?"

வீட்டு எண்ணை நான் சொன்னேன். அம்மாவுக்கு எண்ணில் நம்பிக்கை இல்லை. மாதத்துக்கு ஒரு தடவையாவது கொட்டாஞ்சேனைக்குப் போய், நானாவுக்கு இடியப்பம் கொடுத்து, யாரும் வந்தார்களா என்று கேட்டுவிட்டு வருவாள்.

தொடர்மாடியில் வீடுகள் இரண்டு பக்கமும் இருக்க, கொரிடோர் நடுவில் ஓடுகிறது. பகலிலும் அங்கே டியூப் லைட்தான். வெயில் வருகிற இடம் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்று, குசினிக்குப் பின்னால் உடுப்புக் காயப்போடும் சின்ன பெல்கனி. அம்மா வாளியைக் கொரிடோரில் கதவோரம் வைத்தாள். கதவையும் படுக்கப் போகும்வரை திறந்தே வைத்திருப்பாள். நுளம்பு வந்து கடித்தாலும் சரி, எதிர்வீட்டு டீவீச் சத்தம் வந்தாலும் சரி.

கன்று நீண்டது, ஆனால் வளரவில்லை. தண்டு மெலிந்து, படிக்கட்டுப் பக்கம் இருந்த சின்ன ஜன்னலை நோக்கிச் சாய்ந்தது. கணுவுக்குக் கணு இடைவெளி கூடியது. இலைகள் வெளிறின. பழைய இலை முதலில் மஞ்சளித்தால் நைதரசன் குறைவு என்று படித்திருக்கிறேன். இளம் இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறைவு. இங்கே பழையது இளையது என்ற பேதம் இல்லாமல் எல்லாம் ஒரே சோகை நிறம். அது பசி இல்லை, இருட்டு.

அம்மா அதைப் பசி என்றே எடுத்துக்கொண்டாள். அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினாள். மீன் தண்ணீர், தேயிலைச் சக்கை, முட்டைக் கோது. யாரோ சொன்னார்கள் என்று புளித்த மோர். எங்களுக்கு மோர் வாங்கும் பழக்கமே கிடையாது, வாளிக்காக வாங்கினாள். வெயில் படாத மண் எதையும் குடித்து முடிக்கவில்லை. வாளி புளித்து நாறியது. சின்னப் பூச்சிகள் கிளம்பின. இலை நுனிகள் கருகின. கருகக் கருக அவள் இன்னும் ஊற்றினாள்.

"அம்மா, உரம் சாப்பாடு இல்லம்மா," என்றேன் ஒருநாள். "சாப்பாட்ட இலையே ஆக்கிக்கும், வெயில்ல. உரம் உப்பு மாதிரி. அடுப்பே எரியாத வீட்டுல உப்பக் கொட்டி என்ன செய்ய?"

இடியப்பம் அவிக்கிறவளுக்குப் புரியும்படி சொல்லிவிட்டதாக எனக்கு ஒரு திருப்தி. அவள் மோர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அடுப்பு எரியலன்னு எனக்குத் தெரியாதாடா?"

"அப்போ பெல்கனில வைப்போம்."

"அங்க வச்சா அவன் எப்படிக் காண்பான்?"

"காலைல மட்டும் அங்க. மத்தியானம் திரும்ப வாசலுக்கு."

"காலைல வந்தா?"



அவள் காலையில் கீழே இடியப்பம் விற்கப் போகிற நேரத்தில் நான் வாளியைத் தூக்கினேன். மாளிகாவத்தையிலிருந்து வந்து எதிர்வீட்டில் குடியிருந்த தாத்தா — எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அக்காமாரை அப்படித்தான் கூப்பிடுவோம் — கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தார்.

"எனத்த மகன், மரத்தக் குளிப்பாட்டப் போறியா? பவுடரும் போட்டு உடுங்கொ, பொண்ணு பாக்க வருவாங்க."

"வெயில் காட்டப் போறேன் தாத்தா. அம்மாகிட்ட சொல்லிராதீங்க."

"நான் எங்க சொல்றது? ஒங்கட உம்மா மரத்தோடதான் கதைக்கிறா, எங்களோட எங்க கதைக்கிறா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் செய்த தவறு, அவசரப்பட்டது. இருட்டில் வந்த இலைகளுக்குத் தோல் மெல்லிசு. முதலில் ஜன்னலோரம், பிறகு அரை நிழல், பிறகு வெயில் என்று படிப்படியாகப் பழக்கியிருக்கவேண்டும். புளித்த மண்ணையும் நல்ல தண்ணீர் ஊற்றி அலசியிருக்கவேண்டும். எதுவும் செய்யாமல், அவள் வருமுன் எடுத்துவிடலாம் என்று, தினமும் காலையில் முழு வெயிலில் வைத்தேன். அந்த வாரமே இலைகளில் வெள்ளை வெள்ளையாய்ப் பொசுங்கல் விழுந்து, தொட்டால் உதிர்ந்தன. ஒருநாள் நேரத்தோடு திரும்பி வந்த அம்மா உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பெல்கனி வாசலில் உட்கார்ந்தாள்.

"நீ படிச்சவன்," என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து வாளியை அவளே இழுத்துக்கொண்டுபோய்ப் பழைய இடத்தில் வைத்தாள்.

அதற்குப் பிறகு நான் வாளியைத் தொடவில்லை. அது ஈர்க்குப் போல நின்றது, நுனியில் ஒரு சின்னக் கொத்தோடு.

மழை விட்டிருந்த ஒரு மாதத்தில் அம்மா வழக்கம்போல இடியப்பப் பார்சலோடு கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டாள். அன்று எனக்கு வேலை இல்லாததால் நானும் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி வத்தை முனைக்கு நடந்தோம். முனை இல்லை. வத்தை இருந்த இடத்தைச் சுற்றி முன்பே தகர வேலி போட்டிருந்தார்கள். இப்போது வேலி வெளியே நகர்ந்து பாதையோரம்வரை வந்திருந்தது. நானாவின் பெட்டிக்கடை வேலிக்கு உள்ளே போயிருந்தது, அல்லது இல்லாமலே போயிருந்தது. உள்ளே கிரேன் சத்தம்.

வேலி வாசலில் நின்ற காவல்காரரிடம் சிங்களத்தில் கேட்டேன். கடைகளை எல்லாம் போன மாதமே எடுத்தாயிற்று என்றார். கடைக்காரர் எங்கே போனார் என்று கேட்டேன். "தன்னே நே, மல்லி," என்றார். தெரியாது, தம்பி என்று அர்த்தம். தெரியவேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

"என்னா சொல்றான்?" என்றாள் அம்மா.

"நானா எங்க போனாருன்னு தெரியாதாம்."

"வேற யார்ட்டயாவது சொல்லி வைக்கலாமா?"

சுற்றிப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் இருந்த சலூனும் புதிது, அதிலிருந்த முகங்களும் புதிது. அண்ணனின் முகம் தெரிந்தவர் என்று அந்தப் பாதையில் எவரும் மிச்சமில்லை. அம்மா பார்சலைக் காவல்காரரிடம் நீட்டினாள். அவர் முதலில் தயங்கி, பிறகு வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாளியைக் குனிந்து பிடித்தாள். நான் மறுபக்கம் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வீட்டின் நடுவே தரையில் கோடு விழ இழுத்துக்கொண்டு போனாள். பெல்கனிக் கதவருகில் நின்று என்னைப் பார்த்தாள்.

"மொதல்ல எங்க வைக்கணும்? எரிஞ்சிராம."

கதவுக்கு உள்பக்கம் காட்டினேன். பிறகு, அவள் கேட்டதால், எல்லாம் சொன்னேன். நல்ல தண்ணீர் ஊற்றி மண்ணை அலசவேண்டும். காயும்வரை மறுபடி ஊற்றக்கூடாது. புதுத் துளிர் வரும்வரை உரம் எதுவும் வேண்டாம். நுனியைக் கிள்ளினால்தான் பக்கத்தில் கிளை வெடிக்கும். மோர் இனி வேண்டவே வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் "ம்" சொன்னாள். சொன்னபடியே செய்தாள்.

அது தழைத்தது. அத்தனை சுலபமாகத் தழைத்தது. கரும்பச்சையாய்த் துளிர்விட்டு, பக்கக் கிளை வைத்து, காயப்போட்ட உடுப்புகளில் எல்லாம் அதன் வாசம் ஏறியது. எதிர்வீட்டுத் தாத்தா வந்து பார்த்து, "மாஷா அல்லாஹ், எனத்த போட்டீங்க?" என்றார். "வெயிலு," என்றாள் அம்மா.

ஒரு பின்னேரம் குசினியில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா பெல்கனிக்குப் போய் நகத்தால் ஒரு நுனியைக் கிள்ளினாள். அந்த வாளியிலிருந்து அவள் கறிக்கு இலை எடுத்தது அதுதான் முதல் தடவை. எண்ணெயில் போட்டாள், வெடித்தது. எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு, கொரிடோர்ப் பக்கம் திறந்து கிடந்த வாசலைப் பார்த்தாள். வெளியே சீமெந்தில் வாளி நின்ற வட்டம் கறுப்பாய்த் தெரிந்தது.

"நுளம்பு வருதுடா," என்றாள். "கதவச் சாத்து."